தலைப்புக்கு முன் பதினெட்டு, பின் ஆறு

ஜனவரி 8, திங்கள்

கண்காணிப்பாளர் தவசிமுத்து சார் எல்லோருக்கும் டைரி கொடுத்தார். போன வருஷத்து டைரியை ஜனவரி ஐந்தோடு நிறுத்திவிட்டேன். இந்த வருஷம் எட்டாம் தேதிதான் தொடங்கவே செய்கிறேன், ஆகவே முன்னேற்றம்தான்.

முதல் பக்கம் என்பதால் என்னைப் பற்றி: ஆறுமுகநயினார், வயது முப்பத்தேழு, அரசு அலுவலகத் தட்டச்சர், பதினான்கு வருஷ சர்வீஸ். பாளையங்கோட்டையில் பிரமு அக்கா வீட்டு மாடியில் குடியிருப்பு. அத்தான் துபாயில். கல்யாணம் ஆகவில்லை. அக்கா விடாமல் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இன்று புது உதவியாளர் ஒருவர் தூத்துக்குடியிலிருந்து மாறுதலில் வந்து சேர்ந்தார். பெயர் குழல்வாய்மொழி. தென்காசிக்காரர். வயது முப்பத்து மூன்று (பணியேற்பு அறிக்கையை நான்தானே டைப் செய்தேன்). பிறவியிலிருந்தே கண் பார்வை இல்லை. மடக்குக் கோலைத் தட்டி வாசலிலிருந்து மேஜைக்கு எத்தனை எட்டு என்று ஒரு தடவை எண்ணினார். அடுத்த தடவை கோலை மடக்கிக் கைப்பையில் போட்டுவிட்டு நேராக வந்து உட்கார்ந்தார். ஒரு காதில் மட்டும் இயர்போன். கணினித் திரையில் இருப்பதை அது வாசித்துக் காட்டுமாம்.

"சார், நம்ம துறைக் கையேடு ஃபைலா இருக்குமா?" என்று என்னிடம் கேட்டார்.

ஆளறிந்துதான் கேட்டிருக்கிறார். அந்தக் கையேடு என் எட்டு மாத உழைப்பு. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஒவ்வொரு தலைப்பும் நடுவில், மேலே ஐந்து என்டர், கீழே ஐந்து என்டர், அடியில் ஒரு நட்சத்திர வரிசை. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி அதைப் புரட்டிப் பார்த்து, "அச்சுப் புத்தகம் தோத்துப்போகும்" என்று சொல்லியிருக்கிறார். பென் டிரைவில் போட்டு, துடைத்துக் கொடுத்தேன்.

ஜனவரி 9, செவ்வாய்

காலையிலேயே கூப்பிட்டார். பாராட்டுவார் என்று நினைத்துப் போனேன்.

"நயினார் சார், உங்க கையேட்டக் கொஞ்சம் கேக்கீங்களா?" என்று இயர்போனைத் துடைத்து நீட்டினார். காதில் வைத்தேன். அம்புக்குறியைத் தட்டத் தட்ட ஒரு இயந்திரக் குரல் சொன்னது: பிளாங்க். பிளாங்க். பிளாங்க். பிளாங்க். பிளாங்க். அத்தியாயம் மூன்று. இருபத்தாறு ஸ்டார். பிளாங்க். பிளாங்க்.

"என்னது மேடம் இது?"

"நீங்க வெறும் என்டர் தட்டுன ஒவ்வொரு வரியும் எனக்கு ஒரு பிளாங்க். நேத்து சாயங்காலம் மட்டும் நானூத்திச் சொச்சம் கேட்டேன். வரிக்கு வரி வேற என்டர் தட்டியிருக்கீங்க. பாதி வாக்கியத்துல குரல் நின்னு மூச்சு வாங்குது."

"டைப்ரைட்டர்ல ஹையர் பாஸ் பண்ணவன் மேடம் நான். வரி முடிஞ்சா கை தானா தள்ளும்."

"தெரியுது," என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை. நான் பார்க்கவில்லை.

அழகான பக்கத்தின் அருமை பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும் என்று இங்கே எழுதினேன். எழுதியதும் எனக்கே கேவலமாக இருந்தது. அடித்துவிடலாம் என்றால் டைரி அசிங்கமாகும். இருக்கட்டும்.

ஜனவரி 10, புதன்

நான் பேசவில்லை. அவரும் பேசவில்லை. டீ நான்கு குடித்தேன்.

ஜனவரி 11, வியாழன்

தவசிமுத்து சார்தான் விஷயத்தைச் சொன்னார். குழல்வாய்மொழிக்குத் தகுதிகாண் பருவம் மார்ச்சோடு முடிகிறது. துறைத் தேர்வில் ஒரே ஒரு தாள் பாக்கி. அது நம் கையேட்டிலிருந்துதான். போன முறை நான்கு மதிப்பெண்ணில் போய்விட்டது. பிப்ரவரி பதினொன்றில் கடைசி வாய்ப்பு. இதுவும் போனால் வேலை நிரந்தரமாகாது.

அவர் மேஜைக்குப் போனேன்.

"போன தடவை எப்படிப் படிச்சீங்க மேடம்?"

"கூட வேலை பாத்தவங்க ஒருத்தங்க வாசிச்சாங்க. நல்ல மனுஷி. அஞ்சாம் அத்தியாயத்துல தொண்டை கட்டிருச்சு. எனக்கு வேணுங்கிறத நானே தேடி நானே திரும்பப் படிக்கணும் சார். அதுக்கு ஃபைல் ஒழுங்கா இருக்கணும்."

"என்ன செய்யணும்னு சொல்லுங்க."

"ஆல்ட், ஓ, பி. தட்டிப் பாருங்க."

ஒரு பெட்டி திறந்தது. பதினான்கு வருஷத்தில் அதை நான் திறந்ததே இல்லை.

"அதுல முன்னாலன்னு ஒண்ணு, பின்னாலன்னு ஒண்ணு இருக்கும். பத்திக்கு மேல எவ்வளவு இடம், கீழ எவ்வளவு இடம்னு அங்க சொல்லிட்டா போதும், கம்ப்யூட்டர் விட்டுக்கொடுக்கும். உங்க கண்ணுக்கு இடைவெளி இருக்கும். என் காதுக்கு பிளாங்க் இருக்காது. ரெண்டு பேருக்கும் நல்லது."

அந்தப் பெட்டி எப்படி இருக்கும் என்று அவர் பார்த்ததில்லை. ஆனால் எத்தனை டேப் தட்டினால் எந்தக் கட்டம் என்று விரலில் வைத்திருக்கிறார். முதுகலை ஆய்வேட்டை முழுக்க அவரே வடிவமைத்தாராம்.

ஒரு வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஜனவரி 12, வெள்ளி

பேரழிவு. வெறும் என்டர்களை ஒவ்வொன்றாக எடுத்தால் பங்குனி வந்துவிடும் என்று, 'தேடு, மாற்று' பெட்டியில் எல்லா என்டரையும் எடுத்துவிட்டு ஒரு இடம் விடு என்று உத்தரவு போட்டேன். கீழ்ப்படிந்தது. கையேடு மொத்தமும் ஒரே பத்தியாகிவிட்டது. தலைப்பு, விதி, துணைவிதி, அட்டவணைக் குறிப்பு, எல்லாம் கையைக் கோத்துக்கொண்டு ஒரே ஓட்டம். அந்தப் பதற்றத்தில் சேமித்து மூடியும்விட்டேன்.

போய்ச் சொன்னேன். கேட்கட்டும் என்று ஃபைலையும் கொடுத்தேன். இயர்போனை மாட்டினார். ஒரு நிமிஷம் கேட்டார். இரண்டாம் நிமிஷம் தோள் குலுங்கியது. கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஈட்டிய விடுப்புக்கும் ஈமச்சடங்கு முன்பணத்துக்கும் நடுவுல மூச்சே விடல சார் அது," என்றார்.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் சிரிப்பதைப் பார்த்துத் தவசிமுத்து சார் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

நான் கொடுத்த பழைய ஃபைல் அவரிடம் அப்படியே இருக்கிறதாம். வழியும் சொல்லிக் கொடுத்தார். இரண்டு என்டர் சேர்ந்து வருகிற இடத்தில்தான் உண்மையில் பத்தி முடிகிறது. அங்கே முதலில் மூன்று 'அட்' குறி (@) போட வேண்டும். பிறகு மிச்சமிருக்கும் ஒற்றை என்டர்களை எடுக்க வேண்டும். கடைசியில் 'அட்' குறிகளைத் திரும்ப என்டராக்க வேண்டும். அவ்வளவுதான்.

செய்தேன். பத்தியெல்லாம் பத்தியாக வந்து நின்றது. நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினேன். யாரும் பார்க்கவில்லை.

ஜனவரி 17, புதன், காணும் பொங்கல்

பொங்கல் முழுக்க மாடியில் கையேடுதான். இருநூற்று எண்பத்தாறு தலைப்பு. ஒவ்வொன்றிலும் நின்று கன்ட்ரோல், ஆல்ட், ஒன்று. துணைத்தலைப்பு என்றால் இரண்டு. அப்படித் தட்டினால்தான் அது தலைப்பு என்று கம்ப்யூட்டருக்கே தெரியுமாம். நான் இவ்வளவு நாள் தடித்த எழுத்தில் போட்டது எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

அக்கா கரும்போடு ஏறி வந்தாள். அம்பாசமுத்திரத்தில் ஒரு பெண், ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம் என்றாள்.

"கையேடு முடியணும்க்கா."

"ஏலே, கவர்ன்மென்ட்டு வேலைய பொங்கலன்னைக்கு வீட்டுல வச்சுப் பாக்குத முத ஆளு நீதான். மூணு சட்டை வேற எடுத்திருக்கே."

"பழசு கிழிஞ்சிருச்சு."

"மூணுமா?"

திரையைப் பார்த்துக்கொண்டேன். தலைப்பு நூற்றுத் தொண்ணூறில் இருந்தேன்.

ஜனவரி 19, வெள்ளி

இந்த நாளைச் சுருக்கமாக எழுத முடியாது.

காலையில் இடைவெளி எவ்வளவு என்று முடிவு செய்ய உட்கார்ந்தோம். பழக்கதோஷத்தில் தலைப்புக்கு மேலே பன்னிரண்டு பாயின்ட், கீழே பன்னிரண்டு போட்டிருந்தேன்.

"எப்படி இருக்குன்னு சொல்லுங்க," என்றார்.

"நல்லா இருக்கு மேடம். நடுவுல நிக்கு."

"யாரோட நிக்கு?"

பார்த்தேன். யாரோடும் இல்லை. மேல் பத்திக்கும் கீழ்ப் பத்திக்கும் நடுவில், பஸ்ஸைத் தவறவிட்ட ஆள் மாதிரி நின்றது. தலைப்பு அதற்குக் கீழே வரும் விஷயத்துக்குச் சொந்தம், மேலே முடிந்துபோனதற்கு இல்லை. இதை நான் யோசித்ததே கிடையாது. மேலே பதினெட்டு, கீழே ஆறு என்று மாற்றினேன். தலைப்பு தன் பத்தியோடு போய் ஒட்டிக்கொண்டது.

"இப்ப?"

"இப்ப வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு மேடம்."

"இன்னும் சொல்லுங்க. ஓரம் எவ்வளவு, வரிக்கு வரி எவ்வளவு, கண்ணு எங்க போகுது?"

சொன்னேன். ஒரு பக்கத்தை இன்னொருவருக்கு வாயால் சொல்லிக் காட்டுவது எவ்வளவு நல்ல வேலை என்று இதுவரை தெரியாது. விதி நாற்பத்தொன்றைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினேன். அதில் இருப்பது சைக்கிள் முன்பணம்.

ஒரு தலைப்புக்கு இடைவெளி மாற்றினால் இருநூற்று எண்பத்தாறும் ஒரே நேரத்தில் மாறுகிறது. ஸ்டைல் என்று ஒன்றை வைத்துவிட்டால் அப்படித்தானாம். திரும்பத் திரும்ப மாற்றிப் பார்த்தேன். பதினெட்டு. இருபது. பதினெட்டு. கையேடு மூச்சு விடுவது போலிருந்தது.

மதியம் ஃபைலைக் கொடுத்தேன். இயர்போனை மாட்டிக்கொண்டு, தலைப்புக்குத் தலைப்பு தாவுகிற எச் விசையைத் தட்டினார். அத்தியாயம் ஒன்று. தட்டினார். இரண்டு. தட்டு, தட்டு, தட்டு. ஒன்பதாம் அத்தியாயத்துக்கு எட்டு நொடியில் போய்விட்டார். திரும்பி ஐந்துக்கு வந்தார். மறுபடி ஒன்பது. நடுவில் ஒரு பிளாங்க் இல்லை.

"நயினார் சார்."

"சொல்லுங்க மேடம்."

"ஒண்ணுமில்ல," என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. மறுபடி ஒன்றாம் அத்தியாயத்திலிருந்து தொடங்கினார்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். பஸ் மறந்துவிட்டது.

ஜனவரி 23, செவ்வாய்

தவசிமுத்து சார் புது அச்சுப்படியைக் கையில் வைத்து எடை பார்த்தார். "முந்நூத்தி முப்பத்தோரு பக்கம்தான் இருக்கு. மீதி எண்பத்தோரு பக்கம் எங்கவே?"

"அது பூரா என்டர் சார்."

"என்டரா?"

"ஒண்ணுமில்லாத இடம் சார். இவ்வளவு நாளும் அச்சடிச்சு பைண்டு பண்ணி வச்சிருந்தோம்."

அவர் இதை ரசிக்கவில்லை. 'பக்கம் 217 பார்க்க' என்கிற மாதிரி உள்ளே நூற்று அறுபத்து நான்கு இடத்தில் வருவதை எடுத்துக் காட்டினார். எல்லாம் இப்போது தப்பு. காலண்டரைப் பார்த்தேன். பரீட்சைக்குப் பத்தொன்பது நாள்.

குழல்வாய்மொழி, இப்போது எங்களுக்கெல்லாம் மொழி மேடம், எழுந்து வந்தார். "பக்க எண்ண எடுத்துட்டு விதி எண்ணப் போட்டுருவோம் சார். அடுத்த தடவை பக்கம் கூடினாலும் குறைஞ்சாலும் விதி நகராது. ஒண்ணொண்ணா நான் சொல்லச் சொல்ல இவர் அடிக்கட்டும். எனக்கும் படிச்ச மாதிரி ஆச்சு."

நாலு நாள் வேலை. தினமும் இரண்டிலிருந்து ஐந்து. தண்டனை என்று நினைத்துத் தவசிமுத்து சார் எனக்குக் கொடுத்தார். ஏற்றுக்கொண்டேன்.

ஜனவரி 30, செவ்வாய்

"இன்னைக்கு வேற பவுடர்," என்றார் மொழி மேடம், நான் உட்கார்வதற்குள்.

"அக்கா வாங்கி வச்சிருந்தா."

அக்கா வாங்கவில்லை. டைரியில் பொய் எழுதக் கூடாது என்பதால் சொல்கிறேன்.

பிப்ரவரி 2, வெள்ளி

மொழி மேடம் படிப்பு விடுப்பில் தென்காசி போய்விட்டார். அலுவலகத்தில் மின்விசிறி சத்தம் ரொம்ப அதிகம். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

போன் செய்தார். "ஏழாம் அத்தியாயத்துல மருத்துவ விடுப்பு தலைப்புக்குக் கீழ ஒண்ணுமே இல்ல சார். அடுத்தாப்புல நேரா மகப்பேறு விடுப்பு வந்துருது."

தூக்கிவாரிப் போட்டது. தலைப்பும் அதன் விதிகளும் பழைய ஃபைலில் ஒட்டிக் கிடந்திருக்கின்றன. நான் பிரித்தபோது ஒரு பக்க விஷயம் ஆறாம் அத்தியாயத்தின் வாலில் போய்ச் சேர்ந்துவிட்டது. இப்படியே அவர் பரீட்சைக்குப் போயிருந்தால்? பத்து நிமிஷத்தில் சரி செய்துவிட்டேன். பிறகு அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத் தென்காசி பஸ் ஏறினேன். மெயிலில் அனுப்பலாம்தான். ஃபைல் பெரியது.

வீடு கோயிலுக்குப் பின்தெருவில். அவருடைய அம்மா கதவைத் திறந்தார்.

"நயினார் தம்பியா? உள்ள வாங்க. மூணு வாரமா உங்களப் பத்தித்தான் பேச்சு."

கையேட்டைப் பற்றியாக இருக்கும்.

மொழி மேடம் பென் டிரைவை வாங்கி மாட்டினார். "தொள்ளாயிரம் கேபி," என்றார்.

"ஆமா மேடம்."

"இதுக்கா ரெண்டு மணி நேரம் பஸ்ல வந்தீங்க?"

"நெட் அங்க கொஞ்சம் மெதுவு."

சாப்பிடச் சொன்னார்கள். உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல், அவியல். எல்லாம் மொழி மேடம் செய்தது என்று அம்மா சொன்னார். மூன்று தடவை போட்டுக்கொண்டேன். ஆறாம், ஏழாம் அத்தியாயங்களை அங்கேயே உட்கார்ந்து வரி வரியாகச் சரிபார்த்தோம். தப்பு வேறு இல்லை. திரும்பும்போது வாசல் வரை வந்து, "பாத்துப் போங்க," என்றார்.

பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. வழி முழுக்கக் காற்றாலைகள். இத்தனை இருக்கும் என்று தெரியாது.

பிப்ரவரி 11, ஞாயிறு

தேர்வு மையத்துப் பக்கம் எனக்கு ஒரு வேலை இருந்தது. பத்திலிருந்து ஒன்று வரை இருந்தது.

வெளியே வந்தவர் கோலைத் தட்டி நேராக நான் நின்ற வேப்பமரத்துக்கே வந்தார். பவுடர்தான் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும்.

"எட்டாங் கேள்வி மருத்துவ விடுப்பு," என்றார்.

"எழுதினீங்களா?"

"ஏழாம் அத்தியாயம், மூணாவது தலைப்பு, ரெண்டாவது பத்தி. மனசுக்குள்ள நேரா அங்க போய் நின்னு ஆரம்பத்துலருந்து சொன்னேன். எழுதிக் கொடுக்க வந்த பிள்ளைக்குக் கை வலிச்சிருச்சு. நல்லா எழுதினேன்னு நினைக்கேன். தெரியல. பயமா இருக்கு நயினார் சார்."

இதுவரை அவர் பயந்து நான் கேட்டதில்லை. இளநீர் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு பேரும் நின்று குடித்தோம்.

பிப்ரவரி 28, புதன்

முடிவு வரவில்லை. அம்பாசமுத்திரத்துப் பெண்ணுக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டதாம். அக்கா கோபமாக இருக்கிறாள். நான் லட்டு வாங்கி வந்தேன். அது தவறு.

மார்ச் 15, வெள்ளி

பதினொன்றரைக்கு மொழி மேடம் என் மேஜைக்கு வந்தார். "எழுபத்தொண்ணு."

"என்னது மேடம்?"

"மார்க்கு. பாஸாயிட்டேன்."

நான் எழுந்ததில் நாற்காலி பின்னால் விழுந்தது. தவசிமுத்து சார் வந்து கைகொடுத்தார். எல்லோரும் வந்தார்கள், போனார்கள். மொழி மேடம் மட்டும் போகவில்லை.

"இனிமே கையேட்டுல எனக்குச் சந்தேகம் வராது," என்றார். "நீங்களும் திருத்தம் கொண்டுவர வேண்டாம்."

"ஆமா மேடம்."

"அப்போ என் மேஜைக்கு எதுக்கு வருவீங்க?"

பதினான்கு வருஷத்தில் எத்தனையோ கடிதத்துக்குப் பதில் அடித்திருக்கிறேன். இதற்கு வரைவு எழுதிக் கொடுக்க ஆளில்லை. "சும்மா வருவேன்," என்றேன்.

"சும்மான்னா?"

"சும்மான்னா... உங்களப் பாக்கணும்னு."

"இதச் சொல்ல ரெண்டு மாசமா நயினார்?"

சார் இல்லை. வெறும் நயினார்.

"ஞாயித்துக்கிழமை நானும் அம்மாவும் உங்க வீட்டுக்கு வாரோம். மாப்பிள்ளை பாக்க. அக்காட்ட சொல்லிருங்க."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அக்கா வெங்காயத்தை வெட்டி முடித்தாள். "பார்வை கிடையாதாமே, எப்படிலே குடும்பம் நடத்துவா?"

"அவ நல்லாத்தான் நடத்துவா. சமைக்கா, சம்பாதிக்கா, தனியா பஸ்ல வாரா. எனக்குத்தான்க்கா இதுல எதுவும் சரியா வராது."

"நீ பிடிச்ச பிடியாத்தான் இருப்பே," என்றாள். அவள் கண் கலங்கியது வெங்காயத்தாலா என்று கேட்கவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

மூன்று மணிக்கு வந்தார்கள். காபித் தட்டை நான்தான் கொண்டுவர வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டாள். கொண்டுவந்தேன். தட்டு நடுங்கி டம்ளர்கள் தாளம் போட்டன. மொழி காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். "பையன் ரொம்பக் கூச்சப்படுதாரு," என்றாள். அவள் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"சமைக்கத் தெரியுமா?"

"வெந்நி வைப்பேன்."

"பாடத் தெரியுமா?"

"தெரியாது."

"நல்லது. எனக்குக் காது முக்கியம்."

அதற்கு மேல் அக்காவால் அடக்க முடியவில்லை. அப்படிச் சிரித்தாள், பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். சிரித்து முடித்து மொழிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். துபாய்க்கு அவளே போன் போட்டு, அத்தானிடம் பேசக் கொடுத்தாள். அடுப்படியில் எது எங்கே இருக்கிறது என்று கையைப் பிடித்துக் காட்டினாள். மொழி புளிப்பானையைத் திறந்து முகர்ந்து, "பழைய புளி, நல்ல புளி," என்றதும் அக்கா சொக்கிப்போனாள். இனி நான் இந்த வீட்டில் இரண்டாம் ஆள்தான்.

கிளம்பும்போது அக்கா கேட்டாள், "என்னம்மா, பையனப் பிடிச்சிருக்கா?"

"ஊருக்குப் போய் லெட்டர் போடுதோம்," என்றாள் மொழி, கோலை நீட்டிக்கொண்டே. எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஐந்தே காலுக்கு பஸ் ஏற்றிவிட்டு வந்து மாடியில் உட்கார்ந்தேன். தென்காசி போய்ச்சேர ஏழாகும். அதற்குப் பிறகு கடிதம் எழுத வேண்டும், தபாலில் போட வேண்டும்.

ஐந்து ஐம்பதுக்கு போனில் ஒரு செய்தி வந்தது. பஸ் ஆலங்குளம்கூடத் தாண்டியிருக்காது.

"ஊர் இன்னும் வரல. பிடிச்சிருக்கு."

கீழே அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே அத்தானிடம் இரண்டாம் முறை எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இறங்கிப் போய்ச் சொல்ல வேண்டும். சொல்வேன். கொஞ்ச நேரம் மட்டும் நானே வைத்துக்கொள்கிறேன்.